நடந்தே வாசித்த ஆல்பம்

மச்சான்,

காலையில் டிரம்பெட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நெடி ஏறியதும், பக்கத்தில் சாக்ஸபோனோடு நீ தும்முவாய் என்று ஒரு நொடி காத்திருந்தேன். நீ போய் மாதங்கள் ஆகியும் இந்தப் புத்தி மாறவில்லை. அந்நேரம் பார்த்து உன் மகள் வந்தாள், நம் ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் போனில் எடுத்துக்கொண்டு.

"ஸ்டுடியோல ஒண்ணு கேக்குறாங்க மாமா. நீங்கதான் சொல்லணும்."

கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற நம் பேண்டு செட்டை வைத்து ஜாஸ் ஆல்பம் போடுகிறேன் என்று நீ கிளம்பியபோது ஆவடி குவார்ட்டர்ஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். டிரம்பெட், டிராம்போன், யூபோனியம் என்று ஒரே பித்தளைக் கூட்டம், நடுவில் நீ. மேனாம்பேடு ஸ்டுடியோவில் முதல் நாள் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மானம் போயிற்று. காலமெல்லாம் தெருவில் நடந்தே வாசித்தவர்களுக்கு உட்கார்ந்தால் தாளம் நிற்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

"இன்னா மாமே, ஊர்கோலத்துல உக்காந்துகினா வாசிச்ச? செருப்ப கழட்டிட்டு நட," என்றாய்.

மைக் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று ஒலிப்பதிவாளர் பதறினார்.

"அத ஒரு ஊடுன்னு நெனச்சுக்கோங்க சார். தெருல பேண்டு வரும், போவும். அவ்ளோதான்," என்றாய்.

அதன்பிறகு எல்லாப் பாட்டையும் வெறுங்காலில் நடந்தே வாசித்தோம். தாளமும் தானாக வந்து சேர்ந்தது.

கடைசிப் பாட்டு வந்தபோது நெஞ்சு நோய் முற்றி உன் கால்கள் உன்னைத் தாங்கவில்லை. மைக் அருகே உன்னை உட்காரவைத்துவிட்டு நாங்கள் சுற்றி நடந்தோம். அதில்தான் இப்போது வில்லங்கம். நாங்கள் மூலைக்குப் போகும்போது எங்கள் சத்தம் தேய்கிறதாம். கம்ப்யூட்டரில் எல்லாரையும் உன் பக்கத்தில் கொண்டுவந்து சமன் செய்துவிடலாமாம்.

"அப்பா ஒண்டியா வாசிக்கிற மாதிரி தெரியாதாம் மாமா," என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நம் ஆட்களின் வாசிப்பை யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்பதுதானே உன் கவலையெல்லாம்.

இரண்டு விதமாகவும் கேட்டேன். சமன் செய்ததில் எல்லாம் சுத்தம். ஆனால் நடுவில் நீ ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே போகிறாய், எதற்கென்று புரியவில்லை. பழையதைக் கேட்டதும் புரிந்தது. நாங்கள் தூரமாகப் போயிருக்கிறோம். யூபோனியக்காரப் பெரியவர் பின்தங்கிவிட்டார். அவர் வந்து சேரும்வரை, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, சுரத்தை விடாமல் பிடித்திருக்கிறாய். உன் மகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"அப்டியே உட்டுடச் சொல்லும்மா. நாங்க தூரம் போனாத்தான் அவன் காத்துகினு இருந்தது கேக்கும்," என்றேன்.

சாயங்காலம் திருமுல்லைவாயிலில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் நடந்த நான் தெருமுனை திரும்பியதும் சுரத்தை விடாமல் பிடித்தேன். பெரியவரும் பின்னால் வந்த அத்தனை பேரும் முனையைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். நீயும் வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன், மச்சான். மூச்சு அவ்வளவுதான் வந்தது.