ஷாமளாவின் வலது சப்பாத்து

கோலா கெத்தில்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எலைனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. ஊரார் காலைப் பார்க்கிறவளுக்கு அப்படித்தான் வாய்க்கும். டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் எனக்கு விட்டிருக்கும் அறை பாடநூல் கிடங்கு. கழுத்தில் பிசியோதெரபிஸ்ட் என்று அட்டை தொங்கினாலும் எல்லாருக்கும் நான் நர்ஸ் மிஸ்ஸிதான். பிள்ளைகளை முந்திக்கொண்டு ஆசிரியர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், தோள்வலியோடு தலைமையாசிரியர் புவனேசன் முதல் ஆள்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஷாமளா என்று ஒரு பிள்ளை. பிறவியிலேயே வலது கால் இழுக்கும், சப்பாத்துக்குள் பிளாஸ்டிக் தாங்கி வைத்தால் நன்றாக நடப்பாள். மூன்று மாதமாக நான் போகும்போதெல்லாம் தாங்கியில்லாமல் வெறுங்காலோடு தடுமாறினாள், கணுக்கால் இறுகிக்கொண்டே வந்தது, இப்படியே விட்டால் அறுவை சிகிச்சைதான். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் அவள் அம்மா இராசாத்தியைப் பள்ளி வாசலில் மறித்து, பத்துப் பேர் பார்க்க, பிள்ளை காலைவிட ஓவர்டைம் பெரிதா என்று கேட்டுவிட்டேன். போட்டுத்தான் மிஸ்ஸி அனுப்புறேன் என்றாள். நான் நம்பவில்லை. பிள்ளையைக் கேட்கவும் தோன்றவில்லை.

போன வாரம் வகுப்பு வாசலில் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றும்போது பார்க்கிறேன், அடுக்கில் ஷாமளாவின் சப்பாத்து, உள்ளே தாங்கி பத்திரமாக இருக்கிறது. வகுப்புத் தரை அழுக்காகக் கூடாதென்று எல்லாரும் வெளியே கழற்ற வேண்டும் அல்லவா, திரும்ப மாட்டுவதற்குள் பாதி ரெஸ்ட் நேரம் போய்விடும் என்று அவள் கண்டீனுக்கும் வெறுங்காலோடு போயிருக்கிறாள். மூன்று மாதம் அதே அடுக்கில் சப்பாத்து விட்டவள் உன் அம்மா.

உள்ளே போட மட்டும் இன்னொரு ஜோடி என்றதும் புவனேசன் சரி என்றார். பிள்ளை இப்போது கரும்பலகை வரை நடக்கிறாள், கணுக்கால் கொஞ்சம் இளகுகிறது. நான் ஒரு பொட்டலம் பலகாரத்தோடு இராசாத்தி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கோவம்லாம் இல்ல மிஸ்ஸி, ஆனா ஏசுனது ஸ்கூல் கேட்ல, மன்னிப்பு மட்டும் வீட்டுலயா லா என்றாள்.

இங்கே வெள்ளி சனிதானே பள்ளி லீவு, ஞாயிறு காலை பள்ளி திறக்கும் நேரத்தில் வாசலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் திரைக்குப் பின்னால் ஃபாதரிடம் முணுமுணுத்தே பழகிய வாய், மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். தொண்டையைச் செருமினேன். இராசாத்தி சுற்றிலும் பார்த்து, அன்னிக்குப் பாத்ததுல ரெண்டு பேரு இன்னும் வரல, கொஞ்சம் இருங்க மிஸ்ஸி என்றாள். இருந்தேன். வந்தார்கள். சொன்னேன்.

ஆஸ்துமா பம்பைக் கோட்டுப் பையிலேயே வை. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணை இருப்பார்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா பிரிஜெட்