தும்பிலிக்குப் பொம்மை உண்டா?

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்டா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் இந்தக் காகிதம்.

நிழல்காடு வீடியோ விளையாட்டின் அடுத்த பாகத்துக்கு ஐந்து புதுப் பிராணிகளின் பெயரை டிரேட்மார்க் பதிவுக்குக் கொடுத்திருக்கிறார்கள், வேறு எவனும் அந்தப் பெயரில் எதையும் விற்கக்கூடாதாம். படம் கிடையாது, வெறும் பெயர்கள். எங்கள் ரசிகர் குழு சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறது. பனிவாலி நரியாம், கொடுக்கான் தேளாம். தும்பிலி? தும்பிக்கை வைத்த பூனை என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

இப்போது கேள். மற்ற நான்கு பெயர்களுக்கும் விளையாட்டு, பொம்மை என இரண்டு பிரிவிலும் விண்ணப்பம் இருக்கிறது. தும்பிலிக்கு மட்டும் பொம்மைப் பிரிவு இல்லை. ஏன்? கதையில் அது செத்துப்போகிறது! செத்ததுக்கு எவன் பொம்மை செய்வான்? நேற்று இணையத்தில் எழுதிப் போட்டேன், நாற்பதாயிரம் பேர் படித்துவிட்டார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற உன் தம்பி இப்போது "தலைவா"! இந்த மாதிரி விண்ணப்பம் நிரப்புவதுதானே உன் வேலை. என் யூகம் சரியா?

உன் வாலு

மார்ச் 9

அடேய் வாலு,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிவறையில் நின்று மூன்று முறை படித்தேன்.

அந்த ஐந்தையும் நிரப்பியவள் நான்தான். ஐந்தாவதுக்கு வரும்போது பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். பொம்மைப் பிரிவுக்கு டிக் போடாமலே அனுப்பிவிட்டு ஓடியிருக்கிறேன். தும்பிலி சாகுமோ பிழைக்குமோ, எனக்குத் தெரியாது. டிக் விட்டுப்போனதுதான் விஷயம்.

என் முதலாளி வக்கீலம்மாவிடம் ஒத்துக்கொண்டேன். அன்றைக்கே தனி விண்ணப்பம் போட்டாயிற்று. "கட்சிக்காரருக்குத் தெரிஞ்சா உன்னை வச்சுக்க முடியாதும்மா" என்றார்.

அந்தப் புது விண்ணப்பம் எல்லாரும் பார்க்கிற டிரேட்மார்க் பட்டியலில் ஏறியதும் உன்னைக் கேலி செய்வார்கள். உண்மையைச் சொன்னால் உன் மானம் பிழைக்கும், என் வேலை போகும். வாயைத் திறக்காதே என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், திறக்காதேடா.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

ஏறிவிட்டது. என்னைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார்கள். "தலைவா" என்றவனே "அண்ணே, முதல்ல உங்க லென்ஸைத் தொடைங்க" என்கிறான். இரண்டு நாள் வலித்தது, பொய் சொல்லமாட்டேன். "அவசரப்பட்டு உங்களை அழவைத்துவிட்டேன், தப்பு என்னுடையது" என்று எழுதிப் போட்டேன். அவ்வளவுதான், முடிந்தது. நீ நிம்மதியாக வேலைக்குப் போ.

தும்பிலி எப்படி இருக்கும்? தெரிந்தாலும் சொல்லாதே. இல்லை, சொல்லேன்! வேண்டாம், வேண்டாம்.

வாலு

ஏப்ரல் 2

என் தங்கமே,

உன் மன்னிப்பை வக்கீலம்மா எனக்கே படித்துக் காட்டினார். "பாவம், யாரோ ஒரு அப்பாவி. அவன் மேல என்ன தப்பு?" என்றார். என் தம்பி என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆமாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். கட்சிக்காரருக்கு எதுவும் தெரியவில்லை, வேலை தப்பித்தது.

பெயரைத் தவிர எனக்கும் ஒன்றும் தெரியாதுடா. அதனால் நீ சொன்னபடியே, பாப்பாவின் பழைய காலுறையில் தும்பிக்கை வைத்த பூனை ஒன்று தைத்திருக்கிறேன். பார்சலில் வருகிறது. ஒரு காது கோணல். உலகத்தின் முதல் தும்பிலி பொம்மை உனக்குத்தான்.

யாருக்கும் விற்றுத் தொலைக்காதே. பொம்மைப் பிரிவுக்கு இப்போது டிக் இருக்கிறது. நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

உன் அக்கா