அப்பா தலையைத் தூக்காத நாள்

நுவரெலியா
12.11.1986

அன்பு மகன் சூசைரட்ணத்துக்கு அம்மா மார்கிரட் எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பா, தங்கச்சி ஐவி, நான் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், குவைத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. அப்பாவுக்கு வேலை போகவில்லை. கோல்ஃப் கிளப்பில் இனி மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏற வேண்டாம், புதிதாக வருகிறவர்களுக்குப் பந்தடிக்கப் பழக்கிக் கொடுக்கும் வேலை. முழங்கால் வீங்கின மனுசனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன், இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

அந்த வேலைக்குச் செக்ரட்டரி துரை முன்னால் விளையாடிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேனே, அதற்காக நீ லீவில் வந்த முத்துலிங்கத்திடம் கொடுத்தனுப்பிய கோல்ஃப் வீடியோ கெசட்டை அவன் வீட்டு டெக்கில்தான் போட்டோம். சினிமாப் படம் என்று நினைத்து லயத்து வரிசை வீடு மொத்தமும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் மட்டையைத் தூக்குகிறார், இறக்குகிறார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் காளியாயி அக்கா, இந்த ஆளுக்குச் சோடி இல்லையா, பாட்டு எப்ப வரும்னு கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அப்பா மட்டும் தினமும் போய்ப் பார்த்தார். இங்கிலீசு புரியாவிட்டாலும் கை கால் வைக்கிற விதம் புரியுது என்றார். ஆனால் லயத்துக்குப் பின்னால் அடித்துப் பார்த்தால் பந்து தவளை மாதிரித் தத்திக்கொண்டு நாலடி போய் நிற்கும். உன் மகன் கெசட்டு அனுப்பி என்னையக் கெடுத்துட்டான் என்று என்மேல் எரிந்து விழுந்தார், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நானும் போய்ப் பார்த்தேன். முத்துலிங்கம் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். அந்த வெள்ளைக்காரர் அடித்த பிறகும் பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், உன் அப்பா மட்டை படுமுன்னே தலையைத் தூக்கித் தூரத்தில் பார்க்கிறவர். ஏங்க, அடிக்கிறதுக்குள்ள அங்க என்னத்தப் பாக்குறீங்கன்னு கேட்டேன். இத்தனை வருசமும் துரைமார் அடிக்க அடிக்கப் பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதானே அவர் வேலை, பந்து தொலைந்தால் ஏச்சு வாங்குவதும் அவர்தானே. அந்தப் பயம் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, தானே அடிக்கும்போதும் இறங்கவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து அவர் அடிக்க, பந்தைப் பார்ப்பது நானும் ஐவியும். குனிஞ்சே இருங்க, நாங்க பாத்துக்கிறோம் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனது.

போன சனிக்கிழமை விளையாடிக் காட்டினார். முதல் இரண்டு அடியிலும் பந்து பழையபடி தத்தியதாம். அப்போது பை தூக்கி வந்த கூட்டாளி செல்லசாமி அண்ணன் பக்கத்தில் வந்து, கஸ்பரு, பந்து என் பொறுப்பு, நீ நிமிராத என்றாராம். பிறகு ஒன்றும் தவறவில்லை. செக்ரட்டரி துரையே கை கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, என் பந்து எங்க விழுந்துச்சுன்னு இன்னைக்கு நான் இன்னொரு ஆளுகிட்ட கேட்டேன் மார்கிரட்டு என்றார், சொல்லிவிட்டு அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

அப்பாவுக்கு வேலை போனால் இன்னும் இரண்டு வருசம் அங்கேயே வேலை செய்ய எழுதிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, கையெழுத்துப் போடாதே ராசா. போதும், வந்துவிடு. டிசம்பரில் நத்தார் பெருநாளுக்குக் குளிர் கடுமையாக இருக்கும், கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் அடைக்காமல் கையில் வைத்துக்கொள். நானுஓயா ஸ்டேசனுக்கு அப்பாதான் வருவார். ரயில் வருமுன்னே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார், அன்றைக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஆண்டவர் உன் வழியெல்லாம் கூட வரட்டும். கையெழுத்துப் போடாதே, ஞாபகம்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
கஸ்பர் மார்கிரட்