ஆரிகனோ வாடை

மெர்வின்,

வெர்னா அக்காவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம். கூட இருக்க ஆள் இல்ல. டோவருக்குக் கிளம்பிட்டேன், வர நாளாகும்.

அடுப்புல கோழி சூப் இருக்கு. பக்கத்துல வெட்டி வெச்சிருக்கிற மாவுத் துண்டுகளைச் சூடு பண்ணும்போது போடு. முன்னாடியே போட்டா கூழாயிடும்.

ஆரிகனோ எண்ணெயை இனிமே நேரா தீனியில ஊத்தாதே. ஆன்டிபயாடிக்குக்குப் பதில்னா அள்ளி ஊத்தணும்னு இல்ல. நேத்து பாதிக் கோழி மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. முதல்ல கொஞ்சம் சோள மாவுல பிசறிக்கோ, அப்புறம் மொத்தத் தீனியில கலக்கு.

மதியம் கோழி டாக்டர் வருவாங்க. அவங்களா இருந்தாலும் பூட்ஸை மருந்துத் தொட்டியில நனைக்காம கொட்டகைக்குள்ள விடாதே.

நேத்து சாப்பிடும்போது உன் மேல அடிச்ச அந்த எண்ணெய் வாடை தாங்காம, "பீட்சா கடையோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு, தள்ளி உக்காரு"ன்னு சொல்லிட்டேன். நீ பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தட்டைத் தூக்கிட்டுக் கோழிங்ககிட்டப் போயிட்ட. அப்புறம் எனக்கும் சாப்பாடு இறங்கல.

டார்லீன்

இன்னொண்ணு. உன் பழுப்பு ஜாக்கெட்டைத் தேடாதே. துவைக்கத்தான் எடுத்தேன். வெர்னா வீட்டுல சோப்பு வாசனையைத் தவிர ஒண்ணும் இருக்காது, எனக்குத் தூக்கம் வராது. துவைக்காமலே என் பெட்டியில வெச்சுக்கிட்டேன்.