எழுதாத பக்கத்தில் என் கையெழுத்து

அன்புள்ள அம்மா,

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லும்படியாக இதுவரை ஒரு செய்தியும் இல்லை. இப்போது இருக்கிறது, சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

நீ இரண்டு முறை வார்டு உறுப்பினராக இருந்து, மனு மேல் மனு கொடுத்து வாங்கிய தொடக்கப் பள்ளியை மூடப் போகிறார்கள். பிள்ளைகளை ஈ.சி.ஆர். சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியில் சேர்த்துவிட்டு, இடத்தை உப்புக் கிடங்குக்கு விடுவதாகக் கிராம சபைத் தீர்மானம். அதன் கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

படிக்காமல் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அம்மா. படிப்பதற்கு அங்கே எதுவுமே எழுதியிருக்கவில்லை. பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. "சார், நீங்க மொதல்ல போடுங்க. உங்களப் பாத்தாத்தான் மத்தவங்க போடுவாங்க. கூட்டம் முடிஞ்சதும் எழுதிக்கலாம்" என்றார் ஊராட்சிச் செயலர். விடுப்புக் கடிதத்தில் தேதி இல்லையென்றால் மாணவனைத் திருப்பி அனுப்பும் வாத்தியார் நான். 'நீங்க மொதல்ல' என்றது பிடித்திருந்தது. போட்டுவிட்டேன்.

முழங்கால் வலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ வந்த கடைசிக் கூட்டம் நினைவிருக்கிறதா? அன்றைய தலைவர், "ஏம்மா, கையெழுத்தப் போட்டுட்டு டீ குடிச்சிட்டுக் கெளம்பேன்" என்றார். "டீய மொதல்ல குடு. அப்புறம் எழுதிப் படி. என் கையெழுத்து எங்க ஓடிப்போவுது?" என்றாய். கூட்டமே சிரித்தது. எழுதிப் படித்து முடிக்கும்வரை உனக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசி வரிக்குக் கீழே இனி எதையும் சேர்க்க முடியாதபடி ஒரு கோடு இழுத்து, அதன் பிறகுதான் பெயரை எழுதினாய். கை நடுங்கியது. வயது என்று நினைத்தேன். வயதுதானா, அம்மா?

தீர்மான நகல் கிடைத்த அன்று மாலை செல்வி வந்தாள். உப்பளத்தில் உன்னோடு வேலை செய்தவள். அவளுடைய இரட்டைப் பெண்கள் இரண்டாம் வகுப்பு படிக்கிறார்கள்.

"நீங்க போட்டிருந்தீங்கண்ணா, அதான் நானும் போட்டேன். வாத்தியாரு படிக்காமயா போட்டிருப்பாருன்னு நெனச்சேன்."

அவள் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "நான் விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குப் போயிடுறேன். ரெண்டும் கைகோத்துக்கிட்டுத்தான் நடக்குங்க. அந்த ரோட்ல ஆவுமாண்ணா அது?"

அன்றிலிருந்து சாலைப் பக்கம் பிரேக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

நான் ஆட்சேபம் எழுதுவது இப்போதைய தலைவருக்கு எப்படியோ தெரிந்து, போன் செய்தார். "சார், சர்வீஸ் இன்னும் எவ்ளோ வருஷம் இருக்குது?" பத்து என்றேன். "நல்லபடியா முடிங்க சார்." அவ்வளவுதான். அவர் குரலை உயர்த்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உன் மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. "அத்தையா இருந்தா இந்நேரம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்பாங்க. நீங்க இன்னும் கமா சரிபாத்துக்கிட்டு இருக்கீங்க" என்கிறாள்.

கமா இல்லை, அம்மா. முதல் வாக்கியம். 'தீர்மானம் எழுதப்படும் முன்பே, வெற்றுப் பக்கத்தில் நான் கையெழுத்திட்டேன்.' இதைச் சொல்லாமல் அந்தத் தீர்மானத்தை அசைக்க முடியாது. சொன்னால் விசாரணை என்மேலும் வரலாம். மூன்று முறை அடித்தேன். நான்காம் முறையும் அதையே எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை விழுப்புரத்தில் மனு வாங்குகிறார்கள். செல்வி அன்றைய கூலியை விட்டுவிட்டு உடன் வருகிறாள். உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தை நகலெடுத்து ஊரார் படிக்க ஏன் கொடுக்கிறேன் என்று நீ கேட்பாய். எனக்கு என்மேல் நம்பிக்கை போதவில்லை. எல்லோரும் படித்துவிட்ட பிறகு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவர என்னால் முடியாதல்லவா?

அந்த வாக்கியத்தை மாற்றாமல், மனுவை என் கையாலேயே கொடுப்பேன். யார் தூண்டினார்கள் என்று கேட்டால் உன் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன்.

பயந்துகொண்டே கிளம்பும்
உன் மூத்த மகன்