விரியத் தயங்கும் தசை

மார்ச் 4
எங்கள் தீவிலிருந்து காலைப் பயணிகள் படகை எதிர்க்கரை நகரமான ஸ்ஃபக்ஸுக்கு ஓட்டிப் போனேன். மூடுபனி. கடலும் வானமும் ஒரே பாலாகக் கிடந்தன. சுக்கான் அறைக்கு ஏறும்போது படிகளின் நடுவே இரண்டு முறை நின்றேன். துணை மாலுமி ஃபத்ஹி, "என்ன கேப்டன், படிய எண்ணுறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன்.

மார்ச் 9
மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது. மனைவி சல்ஹா என் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது, ஈர மணலில் யாரோ மிதித்துப் போனது போல.
"பதினாலு வருஷமாச் சர்க்கரை. இப்பவாவது டாக்டர்கிட்ட வர்றீங்களா?"

மார்ச் 20
டாக்டர் ஹேலா எங்கள் தெருவில் வளர்ந்த பெண். ஸ்கேன் திரையில் என் இதயம் சாம்பல் நிறத்தில், ஆழத்தில் நீந்தும் சொறிமீன் போல அசைந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.
"போன வாரம் எடுத்த படத்துல ரத்தக் குழாய் அடைப்பே இல்ல, லம்ஜத் மாமா. சர்க்கரைதான் தசைய இறுக்கிடுச்சு. சுருங்குறது சரியாச் சுருங்குது, விரியத்தான் தயங்குது. விரிஞ்சாத்தானே ரத்தம் உள்ள வரும்? அது நுரையீரல் பக்கம் தேங்கிடுது."
"படகு ஓட்டலாமா?"
"இப்ப வேணாம். கம்பெனிக்கு நான் எழுதித் தரவா?"
நானே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 21
சொல்லவில்லை.

மார்ச் 26
கடலுக்குள் படகுகளுக்காகத் தோண்டிய கால்வாய் வளையும் இடம். இருபுறமும் முழங்கால் ஆழம்தான். திருப்பாவிட்டால் தரை தட்டும். அங்கே மூச்சு நின்றது. வலி இல்லை. பயம்கூட இல்லை — எல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பது போல. கீழ்த்தளத்தில் யாரோ ஒருத்தி குழந்தைக்குப் பாடிக்கொண்டிருந்தாள். என் கை நழுவியது. ஃபத்ஹி பாய்ந்து சுக்கானைத் திருப்பினான்.
"என்ன ஆச்சு உங்களுக்கு?"
"இதயம்."
"முன்னாடியே தெரியுமா?"
தலையாட்டினேன்.
படகில் இருநூறு பேர். என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டா வாயத் திறக்கல? வீட்ல சும்மா உக்காரணுமேன்னுதானே?
கரையேறியதும் கம்பெனிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, உரிமத்தை மேசைமேல் வைத்தேன்.

ஏப்ரல் 18
புது மாத்திரை. தேங்கிய நீரெல்லாம் இறங்கி நான்கு கிலோ குறைந்திருக்கிறேன். மல்லாந்து தூங்கினேன். கனவில் கடலடியில் நடந்தேன், மூச்சு வாங்கவில்லை.

ஜூன் 7
ஸ்ஃபக்ஸில் மறுபரிசோதனை. "தசை பழையபடி ஆகாது, மாமா. மேல இறுகாம பாத்துக்கலாம். ஆனா படகு—" என்று ஹேலா இழுத்தாள்.
"தெரியும்மா."
காலையில் தீவிலிருந்து போகும்போது ஃபத்ஹிதான் ஓட்டினான். நானும் சல்ஹாவும் பின்தளத்தில் உட்கார்ந்திருந்தோம்.
"தூங்குறீங்களா?" என்றாள்.
"இல்ல. பாக்குறேன்."
இருபத்தாறு வருடமும் படகின் முன்பக்கத்தையே பார்த்து ஓட்டியவன்; எங்கள் தீவு சிறுத்துச் சிறுத்துக் கோடாவதை இன்றுதான் பார்த்தேன். அழகாக இருந்தது.