தனியார் சேகரிப்பு

லவுத், 3 மார்ச் 1987

அன்பு மகள் ஹிலரிக்கு,

அப்பா எழுதுவது. நலம், முழங்கால் தவிர. கோபமாக இருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து ஆடுவதைப் பார்த்துக் குடித்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே.

உன் ஏலக் கம்பெனிக்காக நீ எழுதிய பட்டியல் வந்தது. நம் புத்தக அலமாரிக்கு முழுப் பக்கம், கலர் படம். 'மகாகனி மரம், சுமார் 1780. ஆஷ்கிராஃப்ட் குடும்பத்தாரிடம் நான்கு தலைமுறை. பிறகு ஒரு தனியார் சேகரிப்பு.' அந்தச் சேகரிப்பு நம் வீடுதான் என்று புரிய எனக்கு இரண்டு கோப்பை தேநீர் ஆயிற்று. பக்கத்து வீட்டு லென் நேற்றிலிருந்து என்னைச் 'சேகரிப்பாளர் ஐயா' என்றுதான் கூப்பிடுகிறான். நான் அதில் சேகரித்தது விதைப் பாக்கெட்டும் மூடியில்லாத ஜாம் பாட்டிலும். மேலே இடிக்கிறதென்று அதன் காலை நாலு அங்குலம் அறுத்த மேதையும் நான்தான். அதை மட்டும் 'கால்களின் உயரம் பிற்காலத்தில் குறைக்கப்பட்டது' என்று நாகரிகமாக எழுதியிருக்கிறாய். நன்றி.

அந்தப் பக்கத்தில் உன் அம்மா எங்கே?

போனில் கேட்டதற்கு நீ சொன்னாய்: "வீட்டு வேலை செஞ்சவங்க கைக்கு வந்துச்சுன்னு போட்டா, எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கப்பா. நமக்கு எதுக்கு வம்பு?" போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மிஸ் ஆஷ்கிராஃப்ட் எழுதிவைத்த உயிலில் உன் அம்மா டோரீன் பெயர் தெளிவாக இருந்தும், அவருடைய அண்ணன் மகன் வக்கீல் முன்னால் இதையேதான் கேட்டான்.

அப்போது உனக்கு நாலு வயது. பத்தொன்பது வருஷம் உன் அம்மா ஆஷ்கிராஃப்ட் வீட்டுக்குள் வேலைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தாள். அலமாரியை எடுக்கப் போன அன்று நானும் லென்னும் வண்டியைப் பின்பக்கம் நிறுத்தினோம். அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"முன்வாசல் வழியா எடுங்க. தெரு பாக்கட்டும். நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போகல, எனக்குக் குடுத்தது."

முன்வாசலில் ஏழு படி. என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீடுவரை வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தாள்.

அவளைத்தான் நீ மறுபடியும் பின்வாசல் வழியாக அனுப்பியிருக்கிறாய். ஒற்றை அறைக்குக் குடிபோகிறேன், இடமில்லை என்றுதான் விற்கச் சம்மதித்தேன். அவளையும் சேர்த்து விற்கச் சொல்லவில்லை.

அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்கிறாய். பட்டியலில் பிழை இருந்தால், அந்தப் பொருளை ஏலம் விடுமுன் மேடையில் திருத்தம் வாசிப்பார்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? வியாழக்கிழமை ஏலத்தில் வாசிக்கச் சொல்: 'பிறகு, உயிலின்படி, திருமதி டோரீன் பிர்க்கெட்.' அவ்வளவுதான். கடைசி வரிசையில் இருப்பேன். வாசிக்காவிட்டால் எழுந்து நானே வாசிப்பேன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு மைக் தேவையில்லை.

என்னை எழுந்திருக்க வைக்காதே, கண்ணு. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் கத்திச் சொல்வதைவிட, நீ உன் கையால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவளுக்குப் பிடித்திருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. எந்த வாசலிலும் நீ தலைகுனியாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சிரில் பிர்க்கெட்